அடைக்கலப் பொருள்: குழந்தைகள் நலப் பணியில் களப்பயிற்சி
(மகாவீரர் ஜெயந்தி விழாவின் இளைஞர் அரங்கில் ஆற்றிய உரை)



'உயர்கல்வியும் தொண்டும்' என்னும் தலைப்பில் பேசுமாறு பணித்தார்கள். பொதுத் தலைப்பில் பேசப் புகுந்தால் பொதுவாகவே பேசி முடித்துவிடுவோம். ஆகவே அதில் ஒரு சிறு கிளையை மட்டும் பற்றிக்கொள்கிறேன். சமூகப்பணி முதுகலை பயிலும் மாணவர்கள் குழந்தைகள் நலத்துறையில் மேற்கொள்ளும் களப்பயிற்சியைப் பற்றியே இன்று சொல்ல விரும்புகிறேன். காரணம் உண்டு. அண்மை ஆண்டுகளில் நம் வீட்டுப் பிள்ளைகள் சிலர் இப்படிப்பில் சேர்ந்துள்ளனர். என் தங்கை மகளும் அவர்களுள் ஒருத்தி. அவள் சேர்ந்தபொழுது உறவினர் ஒருவர், "அநாதை இல்லத்தில் ஆயா வேலை பார்க்கவா ஐந்து ஆண்டு படிக்க வேண்டும்?" என்று வெளிப்படையாகவே கேட்டார். அவர் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. நம்மில் பலர் மனத்தில் உள்ளதை அவர் வாய்விட்டுக் கேட்டார், அவ்வளவே. அவருக்குரிய விடையை அவையில் சொல்லலாமா என்று அப்பெண்ணிடம் கேட்டேன். "சொல்லுங்கள் பெரியம்மா, ஆனால் நான் எந்த மாவட்டத்தில் பயிற்சி பெற்றேன் என்று மட்டும் சொல்லாதீர்கள்" என்றாள். ஏன் அப்படிச் சொன்னாள் என்பது போகப் போக விளங்கும்.

முதலில் இப்பணியின் அமைப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நாட்டிலேயே முதன்முதலாகக் குழந்தைகளுக்கெனத் தனிச்சட்டம் கண்டது நம் மாகாணம். 1920ஆம் ஆண்டின் சென்னைக் குழந்தைகள் சட்டம் அது. இன்று நடைமுறையில் இருப்பது 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம். அச்சட்டப்படி மாவட்டந்தோறும் ஒரு குழந்தைகள் நலக் குழு உண்டு. தலைவர் ஒருவர், உறுப்பினர் நால்வர். அவருள் ஒருவராவது பெண்ணாக இருத்தல் வேண்டும். மாதத்தில் குறைந்தது 20 நாள் கூட வேண்டும். பெற்றோரை இழந்த குழந்தை, கைவிடப்பட்ட குழந்தை, வீட்டைவிட்டு ஓடிவந்த குழந்தை, வேலைத்தலத்திலிருந்து மீட்கப்பட்ட குழந்தை, திருமணம் செய்துவைக்கப்படவிருந்த சிறுமி என எவரைக் கண்டெடுத்தாலும், பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்திற்குள் அக்குழுவின்முன் கொண்டுவர வேண்டும். குழுவுக்கு நீதித்துறை நடுவருக்குரிய அதிகாரம் உண்டு. ஆனால் குழந்தையை ஏற்றி நிறுத்திக் கேள்வி கேட்கும் கூண்டு அங்கே கிடையாது.

குழு முடிவெடுப்பதற்கு ஒருவர் குழந்தையின் வீட்டுக்குச் சென்று, அக்கம்பக்கத்தாரைக் கண்டு, பள்ளியில் விசாரித்து அறிக்கை எழுத வேண்டும். 15 நாளுக்குள் அது முடிய வேண்டும் என்பது சட்டம். அவ்வறிக்கை எழுதும் பணியாளரோடு கூடச் செல்பவரே களப்பயிற்சி மாணவர். பல கல்லூரிகளில் வாரத்தில் இரண்டு நாள் களம், மற்ற நாள்கள் வகுப்பு. படிப்பின் இறுதியில் தொடர்ச்சியாகச் சில வாரங்கள் களத்திலேயே தங்குதல். இந்தியாவில் இம்முறைக்கு வழிகாட்டியது 1936இல் பம்பாயில் டாட்டா அறக்கட்டளை நிறுவிய சமூகப்பணிக் கல்லூரி. சென்னையில் மேரி கிளப்வாலா ஜாதவ் அவர்களின் முயற்சியால் 1952இல் ஒரு கல்லூரி எழுந்தது.

தமிழ் படித்தவள் என்பதால் ஒரு சொல்லை மட்டும் நின்று பார்க்க விரும்புகிறேன். இத்துறையில் குழந்தையோடு பேசி மனத்தைத் தெளிவிப்பவருக்கு அரசு இட்டுள்ள பெயர் 'ஆற்றுப்படுத்துநர்'. பரிசில் பெற்று வந்த பாணன் எதிர்ப்பட்ட பாணனுக்கு வழி சொன்ன நம் பழைய ஆற்றுப்படை மரபு, ஒரு அரசு அலுவலகத்தின் பெயர்ப்பலகையில் வந்து அமர்ந்திருக்கிறது. அரசாணைத் தமிழைக் குறை சொல்லியே பழகிய எனக்கு இது பெரு மகிழ்ச்சி.

இனி நம் நூல்களுக்கு வருவோம். சீவகன் பிறந்த இடம் எது? அரண்மனை அன்று, சுடுகாடு. சச்சந்தன் மாய்ந்தான், மயிற்பொறியில் ஏறித் தப்பிய விசயை புறங்காட்டில் இறங்கினாள், அங்கேயே பிள்ளை பிறந்தது. தன் இறந்த குழந்தையோடு அங்கே வந்த வணிகன் கந்துக்கடன், கிடந்த குழந்தையை எடுத்துச் சென்று மகனாக வளர்த்தான். இன்றைய சட்டச் சொற்களில் எழுதினால் 'பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தை' என்று சீவகனுக்கு ஒரு கோப்பு திறந்திருப்பார்கள். பெற்றவள் தீயவள் அல்லள். அவளால் வளர்க்க இயலாத நிலை. இக்காலச் சட்டமும் அவ்வாறே கருதுகிறது. பிள்ளையை ஒப்படைக்கும் தாய்க்கு மனம் மாறினால் திரும்பப் பெற்றுக்கொள்ள இரண்டு மாதம் அவகாசம் தருகிறது. இன்னொன்றையும் கவனியுங்கள். தான் யார் என்பதைச் சீவகன் தெருவில் எவர் வாயாலோ கேட்டு அறியவில்லை. கல்வி கற்பித்த அச்சணந்தி ஆசிரியர், அவன் தாங்கிக்கொள்ளும் பருவம் வந்தபின், தனித்திருந்து சொல்கிறார். உடனே வெகுண்டெழாமல் ஓராண்டு பொறுத்திருக்கவும் சொல்கிறார். தத்தெடுத்த பிள்ளைக்கு உண்மையை எப்பொழுது, எவ்வாறு சொல்வது என்று திகைக்கும் பெற்றோர்க்குத் திருத்தக்கதேவர் ஒரு வழியைக் காட்டியிருக்கிறார்.

கவுந்தியடிகளையும் நினைத்துக்கொள்ளுங்கள். கண்ணகியை மாதரியிடம் ஒப்படைக்கும்பொழுது 'பார்த்துக்கொள்' என்ற ஒரு சொல்லோடு அந்தச் சமணத் துறவி போய்விடவில்லை. இவள் எத்தகையவள், எப்படி வளர்ந்தவள், வழியில் என்ன துன்பப்பட்டாள், இவளுக்கு நீராட்டுவது முதல் இன்னின்ன செய்ய வேண்டும், தோழியும் காவலும் தாயும் நீயே ஆக வேண்டும் என்று விளக்கிச் சொல்லி, அடைக்கலத்தின் அருமையை உணர்த்த ஒரு கதையும் கூறுகிறார். இன்று ஒவ்வொரு குழந்தைக்கும் தனித்தனியே ஒரு பராமரிப்புத் திட்டம் எழுத வேண்டும் என்று விதி இருக்கிறது. உடல்நலம், கல்வி, அச்சங்கள், விருப்பங்கள், உறவுகள் எல்லாம் அதில் வரும். கவுந்தியடிகள் வாயால் சொன்னது அதுவே.

சரி, களத்தில் மாணவி என்ன செய்கிறாள்? முதல் வாரம் எதுவும் செய்வதில்லை. கோப்புகளைப் படிக்கிறாள், பதிவேடுகளை ஒழுங்குபடுத்துகிறாள், வரவேற்பு அறையில் அழும் குழந்தைக்கு அருகில் சும்மா உட்கார்ந்திருக்கிறாள். இந்தச் சும்மா உட்காருதல் எளிதன்று. ஊர் எது, அப்பா யார், ஏன் ஓடிவந்தாய் என்று நம் நாக்கு துடிக்கும். நள்ளிரவில் தொடர்வண்டி நிலையத்தில் மீட்கப்பட்ட சிறுவனிடம் காவலர் கேட்டிருப்பார், உதவி மைய ஊழியர் கேட்டிருப்பார், மருத்துவர் கேட்டிருப்பார். ஐந்தாவதாக ஒருத்தி அதையே கேட்டால் அவன் வாயை மூடிக்கொள்வான். அல்லது கேட்பவர் விரும்பும் கதையைச் சொல்லத் தொடங்குவான்.

பிறகு இல்லப் பார்வை. மூத்த களப்பணியாளரோடு பேருந்தில் போக வேண்டும். நகரப் பேருந்தில் மகளிர்க்குக் கட்டணமில்லை என்பது பேருதவி, அதற்கப்பால் நடைதான். நம் பிள்ளைகளுக்கு இங்கே ஒரு தனிச் சிக்கலும் உண்டு. பொழுது சாய்ந்தபின் உண்பதில்லை; கண்ட இடத்தில் தேநீர் அருந்துவதில்லை; நீரும் வடிகட்டியதே. ஆனால் ஏழை வீட்டார் அன்போடு நீட்டும் குவளையை மறுத்தால், சாதி பார்த்து மறுத்ததாகவே அவர்கள் எடுத்துக்கொள்வார்கள். அதன்பின் அவ்வீட்டில் உண்மை வெளிவராது. எங்கள் பெண் இதற்கு ஒரு வழி கண்டாள். வீட்டுக்குள் நுழைந்ததும், "பாட்டி, உட்கார ஒரு பாய் கொடுங்கள்" என்று தானே கேட்டு வாங்கித் தரையில் அமர்ந்துவிடுவாள். கேட்டுப் பெற்றுக்கொண்டவளைப் பார்த்து யாரும் ஒதுக்கினாள் என்று நினைப்பதில்லை. நோன்பும் கெடவில்லை, உறவும் கெடவில்லை.

அறிக்கை எழுதுவதற்கு வருவோம். இதில்தான் ஒரு குழந்தையின் வாழ்வு தொங்குகிறது. ஊர், பெயர், வயது எல்லாவற்றையும் நீக்கி, தன் முதல் வரைவில் இருந்த இரண்டு வரிகளை மட்டும் அவள் எனக்குச் சொன்னாள். 'வீடு குழந்தை வாழத் தகுதியற்றது. தாய் பொறுப்பற்றவர்.' மேற்பார்வை ஆசிரியர் அவ்விரண்டையும் கோடிட்டு, 'எப்படித் தெரியும்?' என்று ஓரத்தில் எழுதித் திருப்பிக் கொடுத்துவிட்டாராம். மறுபடி எழுதியது இவ்வாறு அமைந்தது: 'ஓட்டு வீடு, ஓர் அறை. நான் சென்றது காலை 11 மணி. அடுப்பு எரியவில்லை. பானையில் பழைய சோறு நீரூற்றி மூடி வைக்கப்பட்டிருந்தது. குழந்தையின் பள்ளிச் சீருடை துவைத்துக் கொடியில் உலர்ந்துகொண்டிருந்தது. தாய் விடியற்காலையில் செங்கல் சூளைக்குச் சென்றுவிட்டதாகப் பக்கத்து வீட்டார் கூறினர்.' அதே வீடுதான். முதல் வரைவைப் படித்தால் குழந்தை இல்லத்துக்குப் போகும். இரண்டாவதைப் படித்தால், இந்தத் தாய்க்கு என்ன உதவி செய்தால் குழந்தை இங்கேயே இருக்கலாம் என்ற கேள்வி எழும். குழந்தையைக் குடும்பத்திலிருந்து பிரித்து இல்லத்தில் வைப்பது வேறு வழியே இல்லாதபொழுதுதான் என்பது இச்சட்டத்தின் அடிப்படைக் கொள்கை. வறிய குடும்பத்தில் குழந்தையை இருத்திக் காக்க 'மிஷன் வாத்சல்யா' திட்டத்தில் மாதம் 4,000 ரூபாய் நிதி ஆதரவு தரவும் வழி இருக்கிறது. அக்குழு என்ன முடிவு செய்தது என்பதை அவள் சொல்லவில்லை; நானும் கேட்கவில்லை.

நம் தருக்க நூல்கள் அளவைகளைக் காட்சி, அனுமானம், ஆகமம் என்று பகுத்துப் பேசும். அறிக்கை எழுதும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான்: எதைக் கண்ணால் கண்டாய், எதை ஊகித்தாய், எதை யார் சொல்லக் கேட்டாய் என்று மூன்றாகப் பிரித்து எழுது. அநேகாந்தத்தைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு யானையும் குருடர்களும் கதையால் விளக்குகிறோம். அக்கதையில் யானைக்கு ஒன்றும் நேர்வதில்லை. இங்கே காவலர் சொல்வது ஒன்று, பாட்டி சொல்வது ஒன்று, குடிகாரத் தந்தை சொல்வது ஒன்று; ஒருவர் கூற்றையே முழுமையெனக் கொண்டால் தடவப்பட்ட குழந்தைக்குத்தான் கேடு. குழந்தை சொல்வதைக் கேட்டாக வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. பெரியவர்களின் கூச்சலில் முதலில் காணாமற்போவது அதுதான்.

பயிற்சியில் மிகக் கடினமானது எது என்று கேட்டேன். வறுமையையோ கொடுமையையோ காண்பதைச் சொல்வாள் என்று எண்ணினேன். "வாக்குக் கொடுக்காமல் இருப்பது" என்றாள். 'அக்கா, அடுத்த வாரமும் வருவீர்களா? என்னை எப்பொழுது வீட்டுக்கு அனுப்புவார்கள்?' என்று குழந்தைகள் கேட்பார்கள். இரக்கத்தால், 'சீக்கிரம் அனுப்புவார்கள்' என்று சொல்லிவிடத் தோன்றும். அந்த இல்லத்துப் பிள்ளைகளிடம் ஏற்கெனவே பல பேர் அவ்வாறு சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். ஆகவே முதல் நாளே, 'நான் இத்தனை வாரம் வருவேன், இன்ன தேதி கடைசி நாள்' என்று நாட்காட்டியில் குறித்துக் காட்டிவிட வேண்டும். ஒரு குழந்தைக்கு மட்டும் பரிசு தரக்கூடாது. கைப்பேசி எண் தரக்கூடாது. பொய்யாமை என்னும் அணுவிரதம் பெரியவரிடம் பேசும்பொழுதுதான் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். குழந்தையைத் தேற்றச் சொல்லும் பொய்யைப் பொய்க்கணக்கில் சேர்ப்பதே இல்லை.

இதைவிட இடர்ப்பாடான ஓர் இடமும் உண்டு. 'யாரிடமும் சொல்லமாட்டேன் என்று சத்தியம் செய்யுங்கள்' என்று ஒரு சிறுமி கையை நீட்டுவாள். நீட்டிய கையில் அடித்துவிட்டால், அதன்பின் அவள் சொல்லும் பாலியல் கொடுமையை மறைக்கவும் முடியாது, வெளியிட்டால் சத்தியமும் போய்விடும். 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, குழந்தைக்கு இத்தகைய கொடுமை நேர்ந்ததை அறிந்த எவரும் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். தெரிவிக்கத் தவறுவது ஆறு மாதம் வரை சிறைக்குரிய குற்றம். பயிற்சி மாணவர் என்பதற்கு விலக்கில்லை. ஆசிரியருக்கும் இல்லை, உறவினருக்கும் இல்லை, குடும்ப மானம் பேசும் பெரியவருக்கும் இல்லை. ஆகையால் சிறுமி வாய் திறக்கும் முன்னரே, 'உனக்குத் தீங்கு நேர்கிறது என்றால் உன்னைக் காப்பதற்காக உரியவரிடம் நான் சொல்லவேண்டி வரும். அவரிடம் மட்டும் சொல்வேன்' என்று கூறிவிட வேண்டுமெனப் பயிற்றுவிக்கிறார்கள். அவள் சொன்ன சொற்களை அவள் சொன்னபடியே எழுதிக்கொண்டு, மேற்கொண்டு துருவாமல், அன்றே மேற்பார்வையாளரிடம் சேர்க்க வேண்டும். இருபத்திரண்டு வயதுப் பிள்ளைகள் இதைக் கற்றுக்கொண்டு வருகிறார்கள். ஆயா வேலை என்று கேட்டவர் இந்த அவையில் இருந்தால், ஆயா வேலையையும் நான் இழிவாக நினைக்கவில்லை என்பதைச் சேர்த்துச் சொல்லிக்கொள்கிறேன்.

இதுவரை பிள்ளைகளைப் பற்றிச் சொன்னேன். இனி நம்மைப் பற்றிச் சில சொற்கள். விழா நாளில் கசந்தாலும் பொறுத்தருள வேண்டும்.

பிறந்தநாள், நினைவுநாள், விழாநாள் என்றால் நாம் குழந்தைகள் இல்லத்துக்குச் சென்று அன்னதானம் செய்கிறோம். நல்லது. வரிசையாகக் குழந்தைகளை நிறுத்தித் தட்டோடு நிழற்படம் எடுத்து மலரிலும் வாட்ஸ்அப்பிலும் இடுகிறோம். பராமரிப்பில் உள்ள குழந்தையின் பெயரோ படமோ முகவரியோ அடையாளம் தெரியும்படி எந்த ஊடகத்திலும் வெளியிடக்கூடாது என்பது இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவு. மீறினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை தண்டம், அல்லது இரண்டும். சட்டத்தை விடுங்கள். அக்குழந்தை நாளை கல்லூரிக்குச் செல்லும், வேலைக்குச் செல்லும், மணமாகும். நம் தட்டை ஏந்தி நின்ற படம் அதன் பின்னாலேயே வரும். நான்கு தானங்களில் அபயதானம் ஒன்று. அஞ்சவேண்டாத நிலையைத் தருவது அது. படமெடுத்தபின் அபயம் எங்கே மிஞ்சுகிறது? மாவட்டத்தின் பெயரைக்கூடச் சொல்லாதீர்கள் என்று எங்கள் பெண் கேட்டுக்கொண்டது இதனால்தான். இம்மலரில் அத்தகைய படம் வேண்டா என்று மலர்க்குழுவிடம் கேட்டிருந்தேன், இசைந்தார்கள். அவர்களுக்கு நன்றி.

மற்றொன்று. குழந்தைகளை வைத்துப் பராமரிக்கும் எந்த இல்லமும் இச்சட்டத்தின்கீழ்ப் பதிவு பெற்றிருக்க வேண்டும். நன்கொடை தரும்முன் பதிவுச் சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். அரிசி மூட்டையின் தரத்தைக் கையிலெடுத்துப் பார்த்து வாங்குகிறவர்கள் நாம். அதைக் கொண்டுபோய் இறக்கும் இடத்தைப் பற்றிக் கேட்பதில் கூச்சம் எதற்கு?

காஞ்சியிலும் ஆரணியிலும் பட்டுத் தறிகளில் ஒரு காலத்தில் சிறுவர்கள் உட்கார்ந்திருந்ததை என் வயதினர் அறிவர். புழுவின் உயிரை எண்ணிப் பட்டு உடுத்தாதவர் நம்மில் உண்டு, அவர்களை வணங்குகிறேன். தறிக்குழியில் இருந்த சிறுவனை எண்ணி உடுத்தாமல் இருந்தவர் என்று ஒருவரையும் நான் கேள்விப்பட்டதில்லை. ஓரறிவு, ஈரறிவு, மூவறிவு என உயிர்களை எண்ணி எண்ணிக் காத்த மரபு, ஐம்பொறியும் மனமும் உடைய உயிர்க்கு வரும்பொழுது கணக்கைக் கைவிட்டுவிடலாமா?

பெற்றோர் கேட்கும் கேள்விகளுக்கும் மறைக்காமல் விடை சொல்ல வேண்டும். களப்பயிற்சிக்குப் பெரும்பாலும் ஊதியம் கிடையாது. படித்து முடித்தபின் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் கிடைக்கும் பணிகள் ஒப்பந்த அடிப்படையிலானவை, தொகுப்பூதியம், வங்கி வேலையோடு ஒப்பிட்டால் குறைவே. பெண் மாலையில் காலந்தாழ்ந்து வருவாள். சில நாள் உணவில்லாமலே படுப்பாள். அவள் நோன்பு அப்படி. மனம் கனத்து வரும் நாளில் என்ன நடந்தது என்று நீங்கள் கேட்டாலும் சொல்லமாட்டாள், சொல்லக்கூடாது. கல்லூரியில் அதற்கென வாரந்தோறும் ஆசிரியரோடு தனியே அமர்ந்து பேசும் நேரம் உண்டு. வீட்டில் நீங்கள் செய்யக்கூடியது, கேளாமல் உடனிருப்பது. மாப்பிள்ளை வீட்டார் என்ன சொல்வார்களோ என்பது அடுத்த கவலை. நல்ல வீட்டார் நல்லதாகவே சொல்வார்கள். மற்றவர் வீட்டில் பெண்ணைக் கொடுக்காமல் தப்பினோம் என்று இருங்கள்.

அறக்கட்டளைக்கு ஒரு விண்ணப்பம் வைத்துள்ளேன். நம் கல்வி உதவி நிதியிலிருந்து கல்லூரிக் கட்டணத்துக்கு மட்டும் தருகிறோம். சமூகப்பணி பயிலும் மாணவர்க்குக் களப்பயிற்சிக் காலத்தில் வழிச்செலவுக்கும் ஒரு சிறு தொகை தரலாம். வந்தவாசி, திண்டிவனம், ஆரணிப் பக்கத்துச் சிற்றூர்களிலிருந்து மாவட்டத் தலைநகருக்குப் போய்வருவது பிள்ளைகளுக்கு எளிதாக இல்லை. ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் நம்மில் பலர் இருக்கிறோம். ஊராட்சித் தலைவர் தலைமையில் கிராம அளவிலான குழந்தைகள் பாதுகாப்புக் குழு என்று ஒன்று அமைக்கப்பட வேண்டும் என்பது விதி. நம் ஊரில் அது இருக்கிறதா, எப்பொழுது கூடியது என்று கேட்டு அறியவாவது நமக்கு நேரம் உண்டு.

1098 என்னும் எண்ணை எழுதிக்கொள்ளுங்கள். 1996இல் மும்பையில் ஜெரூ பில்லிமோரியா தொடங்கிய குழந்தைகள் உதவித் தொலைபேசி அது. இப்பொழுது அரசே நடத்துகிறது. இரவிலும் பகலிலும் இயங்கும், கட்டணமில்லை. அழைப்பவர் குழந்தையாகவும் இருக்கலாம், பக்கத்து வீட்டாராகவும் இருக்கலாம்.

இப்படிப்பில் சேர விரும்பும் மாணவர்கள் நண்பகல் உணவுக்குப்பின் கிழக்கு வாயில் பக்கத்து மேசைக்கு வரலாம். படித்துக்கொண்டிருக்கும் பிள்ளைகள் மூவர் அங்கே இருப்பார்கள். எந்தக் கல்லூரி, என்ன கட்டணம், களம் எப்படி இருக்கும் என்று அவர்களைக் கேளுங்கள். குழந்தைகளைப் பற்றி மட்டும் கேட்க வேண்டா.